அப்பா மட்டும் ஏறிய விமானம்

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் இங்கே சௌக்கியம். நீயும் அப்பாவும் அங்கே சௌக்கியமா என்று ஒரே மூச்சில் கேட்கும்படி ஆகிவிட்டது பார், இப்படி ஒரு கடிதம் நான் எழுதுவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. போனில் பேசினால் போதாதா என்று கேட்பாய். நீ போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுகிறாய், பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருக்கிறார், நான் என்னத்தைச் சொல்ல. அதனால் மருந்துக் கடையில் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் இருக்கிற கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். இருமல் மருந்து கேட்டு யாராவது வந்தால் நடுவில் எழுந்து போவேன், எழுத்து அங்கங்கே தாவினால் கண்டுகொள்ளாதே. இதை அப்பா பக்கத்தில் இருக்கும்போது திறக்காதே.

விமான நிலையத்தில் நடந்ததை நீ அரைகுறையாகத்தான் கேட்டாய், முழுசாகச் சொல்கிறேன். உன் ஊருக்கு டிக்கெட் போட்டது உன் மாமா. என் தம்பியைப் பற்றி உனக்குச் சொல்லவா வேண்டும், உலகத்தில் அவனுக்குத் தெரியாத வழியே கிடையாது. நேராகப் போகிற டிக்கெட் தண்டம் அக்கா, நடுவில் ஒரு ஊர் வரைக்கும் ஒரு கம்பெனி, அங்கிருந்து வேற கம்பெனி, ரெண்டையும் தனித்தனியா வாங்கிக் கோத்துட்டேன் பாரு என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். நாங்களும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தோம். கவுண்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, உங்க ட்ரான்ஸிட் விசா எங்கேம்மா என்றாள். அந்த ஊர்ல நாங்க எறங்கவே போறதில்லம்மா, ப்ளேன் மாறத்தான் போறோம் என்றேன், ஏதோ அவளுக்குத்தான் விவரம் பத்தாது என்கிற மாதிரி. அந்தப் பெண் பாவம், பொறுமைசாலி. ஒரே டிக்கெட்டா இருந்தா உங்க பெட்டி தானா அடுத்த ப்ளேனுக்குப் போயிடும், நீங்களும் உள்ளேயே உக்காந்திருக்கலாம். இது ரெண்டு தனி டிக்கெட். பெட்டிய நீங்கதான் வெளிய போய் எடுத்து மறுபடி போடணும், வெளிய கால் வெச்சா அந்த நாட்டுக்குள்ள போனதா கணக்கு, அதுக்கு விசா வேணும் என்றாள். சில நாடுகளில் உள்ளேயே உட்கார்ந்திருந்தாலும் கேட்பார்களாம், நாட்டுக்கு நாடு சட்டம் வேறாம். மாத்திரை அட்டையின் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைக்கூட விடாமல் படிக்கிற எனக்கு இது தெரியாமல் போயிற்று.

சரி, இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று நான் கைப்பையை மூடும்போது அவள் அப்பாவின் பாஸ்போர்ட்டைத் திறந்தாள். முகம் மாறியது. அவருடைய லிஃப்ட் கம்பெனியில் போன வருடம் வெளிநாட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்களே, அந்தப் பெரிய நாட்டு விசா இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த விசா கையில் இருப்பவர்களை நடுவில் இருக்கிற ஊர்க்காரர்கள் தடுப்பதில்லையாம். சார் போகலாம், மேடம் போக முடியாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து கடைத்தெருவுக்குக்கூட என்னைக் கேட்டுவிட்டுப் போகிற மனுஷன், அவர் போகலாமாம், நான் போகக் கூடாதாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்பாவுக்கு வரவில்லை. நீ இல்லாம நான் போகமாட்டேன் என்றார். உங்களுக்கு மறுபடி லீவு கிடைக்காது, அவளும் ஷிஃப்ட்ட மாத்திக்கிட்டுக் காத்திட்டிருக்கா, ஏறுங்க என்றேன். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது அவர் என் காதுப் பக்கம் குனிந்து, நான் தனியா போய் அவகிட்ட என்னத்தப் பேசுவேன் என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் அந்தக் கவுண்டர்ப் பெண்ணுக்குக் கேட்டுவிட்டது. அவள் சட்டென்று கீபோர்டைப் பார்த்து எதையோ தட்டுவதுபோல் தட்டினாள். அடியே, கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு நான் பஸ் ஓட்டக் கத்துக்கிறேன் என்று நீ சொன்னதும், இதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன் என்று அவர் கத்தியதும், நீ போனை வைத்ததும், அதற்குப் பிறகு இரண்டு பேரும் என் வழியாகவே பேசிக்கொண்டு வந்ததும் எல்லாம் ஒரு நொடியில் கண் முன்னால் வந்து போயின. சாப்பிட்டாளான்னு கேளு என்பார், சாப்பிட்டேன்னு சொல்லு என்பாய். நடுவில் நான் ஒருத்தி, தபால் பெட்டி மாதிரி. பேசலைன்னா சும்மா உக்காந்துட்டு வாங்க, யாரும் உங்களைப் பேச்சுப் போட்டிக்கு அனுப்பல என்று சொல்லித் தள்ளிவிட்டேன்.

பெட்டி விஷயம்தான் கூத்து. வழக்கம்போல அவர் துணி என் பெட்டியில், என் துணி அவர் பெட்டியில். அத்தனை ஜனத்துக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து பெட்டிகளைத் திறந்து கைக்கு வந்ததை மாற்றிப் போட்டோம். அதுதான் உன் வீட்டுக்கு அவருடைய ஒரு சட்டையும் என் நைட்டிகளும் முழங்கால் வலித் தைலமும் வந்து சேர்ந்த கதை. நீ எனக்குப் போன் செய்து மூச்சு வாங்கச் சிரித்தாய் பார், அதைக் கேட்டதும்தான் எனக்குப் பாதி பாரம் இறங்கியது. மீதிப் பாரம் உன் மாமா மேல் இறங்கியது, அவன் இன்னும் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

அந்த நடு ஊருக்கு நான் விசா கேட்டுப் போன அலுவலகத்திலும் வேடிக்கைக்குக் குறைவில்லை. போட்டோவில் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி எடுத்ததில் சிரிக்கிறேனாம், அதுவும் ஆகாதாம். மூன்றாவதில் யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி இருக்கிறேன், அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். அந்த ஊருக்கு எதுக்கும்மா போறீங்க என்று ஜன்னலில் இருந்தவர் கேட்டார். அங்கிருந்து கெளம்பறதுக்கு என்றேன். தலையைத் தூக்கி ஒரு தரம் பார்த்துவிட்டு விண்ணப்பத்தில் முத்திரையைக் குத்தினார்.

இப்போது போனில் சொல்ல முடியாத விஷயத்துக்கு வருகிறேன். அப்பா உன் வீட்டுக் குளியலறைக்குள் அத்தனை நேரம் என்ன செய்கிறார் என்று கேட்டாயே, அவர் குழாயைத் திறந்துவிட்டு எனக்குப் போன் செய்கிறார். உன் பஸ்ஸில் நாள் பூராவும் ஏறி உட்கார்ந்திருந்தாரே, அன்றைக்கு வந்த போன்தான் பெரிது. தண்ணீர்ச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. அத்தாம் பெரிய வண்டிய அந்தச் சந்துல அவ திருப்பறா, நான் கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்கிறேன், அவ என்னமோ தோசைக் கரண்டியத் திருப்பற மாதிரி திருப்பிட்டுப் போறா என்றார். கைத்தடிக்காரர் ஒருவர் ஏற நேரமானபோது நீ அவசரப்படுத்தாமல் படியைத் தாழ்த்திக் காத்திருந்தாயாம். பிறகு, எல்லாரும் எறங்கும்போது அவளுக்கு நன்றி சொல்லிட்டு எறங்கறாங்க. நான் இத்தனை வருஷமா எத்தனை லிஃப்ட்டு சரி பண்ணியிருப்பேன், ஒருத்தனும் என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னதில்ல. இவளுக்குச் சின்னப் பிள்ளைங்ககூடச் சொல்லுதுங்க என்றார். கடைசி நிறுத்தத்தில் தானும் சொன்னதாகச் சொன்னார்.

நீயோ எனக்குத் தனியாகப் போன் செய்து, அப்பா எறங்கும்போது எங்கிட்ட நன்றி சொல்றாரும்மா, ஊர்ல எல்லாருக்கும் முன்னாடி என்னைக் கிண்டல் பண்றாரு என்று பொரிந்து தள்ளினாய். அடி அசடே, அது கிண்டல் இல்லை. அந்த மனுஷனுக்குக் கிண்டல் பண்ணத் தெரிந்திருந்தால் என் காலம் எவ்வளவோ ஜாலியாகப் போயிருக்கும். அவருக்குத் தெரிந்த விதத்தில் அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். இதைவிட நீளமாக அவரிடமிருந்து எதிர்பார்க்காதே, வராது. எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார், அது போதும். இரண்டு பேருக்கும் நடுவில் நான் கொண்டுபோய்க் கொடுக்கிற கடைசிச் சேதி இதுதான். இனிமேல் எனக்கு ஓய்வு.

நேற்று அப்பாவுக்குப் போன் செய்தேனே, அதில் ஒரு விஷயம் சொல்லத்தான் செய்தேன். அவர் எடுத்து ஹலோ என்றார். அதற்குள் நீ சமையலறையிலிருந்து, உங்க கட்டடத்து லிஃப்ட்டுதான் உசத்தின்னு பேசாதீங்க, எங்க லிஃப்ட்டு ஒழுங்காத்தான் ஓடுது என்று குரல் கொடுத்தாய். ஒழுங்காவா, மூணாவது மாடியில ஒரு உதறல் உதறுதே அது என்ன என்று அவர் எகிறினார். அது பத்து வருஷமா உதறுது என்றாய். பத்து வருஷமா உதறுறத சரி பண்ணாம அதுல எம் பொண்ணு போய்ட்டு வர்றதா, மேனேஜரக் கூப்பிடு, நான் பேசறேன் என்றார். உங்களுக்கு அவங்க பாஷை தெரியாதே என்றாய் நீ. லிஃப்ட்டுக்கு என்ன பாஷை, நீ பக்கத்துல நின்னு சொல்லு என்றார். அப்படியே போய்க்கொண்டிருந்தது. நீ சிரித்தாய், அவர் சண்டை போட்டார், கதவு திறக்கிற சத்தம் கேட்டது, இரண்டு பேரும் படியில் இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. போன் மேஜை மேல் கிடந்தது போல. நான் ஒருத்தி லைனில் இருக்கிறேன் என்பதே உங்களுக்கு மறந்துவிட்டது. ஆள் இல்லாத அந்த அறையைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன், பிறகு சத்தம் போடாமல் வைத்துவிட்டேன்.

சொல்ல வந்தது இதுதான், என் விசா வந்துவிட்டது. நாளைக்கே கிளம்பலாம். ஆனால் ஒரு வாரம் கழித்து வருகிறேன். அது வரைக்கும் விசா இன்னும் வரவில்லை என்றே அப்பாவிடம் சொல்.

வண்டியை நிதானமாக ஓட்டு. கண்ணுக்கு ஓய்வு கொடு, வேளைக்குச் சாப்பிடு. தீர்க்காயுசாக, மனசுக்குப் பிடித்ததைச் செய்துகொண்டு சந்தோஷமாக இருக்க வேண்டும், அதுதான் எப்போதும் என் பிரார்த்தனை. நாங்கள் திரும்பி வருவதற்கான டிக்கெட்டை மறக்காமல் நீயே பார்த்துப் போடு, இரண்டு பேருக்கும் ஒரே டிக்கெட்டாக, பெட்டி நேராக வீடு வரைக்கும் வருகிற மாதிரி. மாமாவிடம் மட்டும் விட்டுவிடாதே.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா