கருப்பராயன்கிட்டப் பூக் கேட்டது

பீளமேடு,
14.8.1996

அன்புள்ள அம்மாவுக்கு, கிருபாசங்கர் வணங்கி எழுதறது. முழங்கால் வலி எப்படியிருக்குதுங்க? நேரத்துக்குச் சாப்பிடுங்க. நான் சுகமா இருக்கறேன்.

கூடத் தங்கியிருக்கற ரவிக்குமார் அண்ணன் காங்கேயம் வந்தப்ப எல்லாஞ் சொல்லிப்போட்டாராட்ட இருக்குது. பெருசா ஒண்ணுமில்லீங்க. மனசு பொங்கற சீக்கு திரும்ப வந்து ஆறு நாள் தூங்கலை. புது முறையில கம்பிக் காயில் சுத்திக் காட்டறேன்னு, பட்டறையில முடிச்சு வச்சிருந்த பதினேழு மோட்டாரையும் பிரிச்சுப்போட்டேன். டாக்டர் மறுபடியும் லித்தியம் மாத்திரை கொடுத்தாரு. இப்பத் தூங்கறேன். இனி வர வேண்டாம்னு முதலாளி மரியாதையாத்தான் சொன்னாரு.

ஆனா நீங்க கருப்பராயனை வஞ்சுபோட்டு, கோயில் பக்கமே போறதில்லைன்னு அண்ணன் சொன்னாரு. அன்னிக்குச் சாமி முன்னால ரெண்டு பொட்டலம் போட்டு, ஒண்ணை எடுத்துப் பூக் கேட்டோமுங்களே, வெள்ளை வந்தா மாத்திரையை நிறுத்தலாம், சிவப்பு வந்தா நிறுத்தக் கூடாதுன்னு. பொட்டலம் கட்டுனது நானுங்க. ரெண்டுலயும் வெள்ளை அரளிதான் வச்சேன். மாத்திரை போட்டாக் கை நடுங்குது, கம்பி சுத்த முடியலை. வெள்ளை வந்ததைப் பார்த்து நீங்க சந்தோஷத்துல அழுதீங்க. அப்புறம் எப்படிங்க சொல்லுவேன்? சாமி மேல தப்பில்லை. போய் ஒரு விளக்கு வச்சுட்டு வாங்க.

என்ற பழைய போர்வையை, இங்க வர்றவிய ஆருகிட்டயாச்சும் கொடுத்துடுங்க. நீங்களே கொண்டு வந்தாலும் சரிங்க.

தபால் எடுக்கற நேரமாச்சு. எழுத்து கோணலா இருக்குதுன்னு பயப்படாதீங்க, மாத்திரை போடறேன். எப்பவாச்சும் என்ற எழுத்து முத்து முத்தா வந்துச்சுன்னா, உடனே பஸ் ஏறி வந்துருங்கம்மா.

உங்க மகன்,
கிருபாசங்கர்