தனக்கோடி கடையில் கிடைத்த பெரிய லென்ஸ்

கடலூர்,
12-8-1964

அன்புள்ள அப்பாவுக்கு, பாக்கியவதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

அப்பா, ஒரு பெரிய சந்தோஷம்! மஞ்சக்குப்பத்தில் தனக்கோடி என்பவரின் பழைய இரும்புக் கடையில், தட்டு அகலத்துக்கு ஒரு லென்ஸ் பார்த்தேன். "கலங்கரை விளக்குக் கண்ணாடின்றாங்க டீச்சர். நாளைக்கு ஒடைச்சிப் பித்தளைய எடுத்துடுவேன்" என்றார்.

கெஞ்சி ஒரு நாள் தவணை கேட்டு, அதைக் கையோடு வாங்கிக்கொண்டேன். ரயிலில் சிதம்பரத்துக்குக் கொண்டுபோய், கல்லூரியில் எனக்குப் பௌதிகம் கற்பித்த பூவராகன் சாரிடம் காட்டினேன். அவர் அதன் எதிரே விளக்கைப் பிடித்தார். உள்ளே ஒரு விளக்கு எட்டாகத் தெரிந்தது.

"ஒவ்வொரு கண்ணாடியிலயும் விளக்கு பிரதிபலிக்குது. உள்ள பல கண்ணாடி இருக்கு சார். இது படம் எடுக்கிற லென்ஸ்!" என்று கத்திவிட்டேன்.

அவர் லென்ஸைச் சுற்றியிருந்த பித்தளை வளையத்தின் கறுப்புப் பூச்சைச் சுரண்டினார். அடியில் அம்புக்குறியும் எண்களும் இருந்தன.

"பிரிட்டிஷ் ராணுவ முத்திரைம்மா! யுத்த விமானத்திலேருந்து தரையைப் படம் எடுத்த கேமராவோடது. சரியாச் சொல்லிட்டே!"

திரும்பி வந்து சொன்னதும் தனக்கோடி அசந்துபோனார். "பள்ளிக்கூடத்துக்கே வச்சிக்குங்க. பொண்ணுங்க பாக்கட்டும்" என்று கொடுத்துவிட்டார்.

வழியில் அது காலில் விழுந்து கட்டைவிரல் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, கவலைப்படாதீர்கள்.

நேற்று வகுப்பின் ஜன்னலை அட்டையால் அடைத்து, அதில் ஓட்டை போட்டு லென்ஸைப் பொருத்தி, வெளியே இருக்கும் மைதானத்தின் பிம்பத்தைச் சுவரில் தலைகீழாக விழவைத்தேன். பெண்கள் கூச்சலிட்டார்கள்! அட்டையில் வெளிச்சம் கசிகிறது. அம்மாவின் கறுப்புப் போர்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பச் சொல்லுங்கள்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள்
பாக்கியவதி