பாராட்டு விழாவும் நடுத்தூணும்

மார்ச் 2
கடைக்கு ஒரு யோசனை. கட்டடம், பாலம் கட்டும் பெண் பொறியாளர்களை அழைத்து நம் டைல்ஸ் கடையிலேயே பாராட்டு விழா. பாராட்டியதும் ஆச்சு, அவர்கள் கட்டும் வீடுகளுக்கு நம் சரக்கு போனதும் ஆச்சு. மருமகளும் அந்தத் தொழில்தான்.

“இது பாராட்டா, வியாபாரமா அத்தை?” என்றாள்.

இரண்டும்தான். பொய் எதற்கு?

மார்ச் 5
மேடை போட இடம் பார்த்தால், நடுத்தூண் நந்தி மாதிரி மறைக்கிறது. கொத்தனாரைக் கேட்டேன்.

“இன்னும் மூணு தூண் இருக்கேம்மா. ஒண்ணு போனா என்ன?”

நியாயமாகத்தான் பட்டது. மருமகள் பால வேலையாக வெளியூரில். வந்து பார்த்து அசந்து போகட்டும்.

மார்ச் 6
அசந்துதான் போனாள்.

தூணை இடுப்பு உயரத்தில் கொத்தி, உள்ளே கம்பி தெரிகிற நேரம். ஊரிலிருந்து பையோடு நேரே கடைக்கு வந்து நின்றாள். “நிறுத்துங்க!” – கொத்தனார் கையிலிருந்த சுத்தியல் தானாக விழுந்தது. எல்லாரையும் வெளியே விரட்டினாள். என்னையும்! என் கடையிலிருந்து!

“மாடியில என்ன வெச்சிருக்கீங்க?”

“டைல்ஸ் பெட்டி.”

“எவ்வளவு?”

“மலை மாதிரி.”

“அந்த மலையை இந்தத் தூண்தான் அத்தை சுமக்குது.”

தெருவின் எதிர்ப்பக்கத்துக்கே போய் நின்றுகொண்டேன்.

மார்ச் 7
தூணைச் சுற்றி இரும்பு முட்டுகள் கொடுத்து இறுக்கிவிட்டாள். மாடிச் சரக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை விழா!

“திரை போட்டு மறைச்சிடலாமா?”

“உள்ள ஒருத்தர் கால் வைக்கக் கூடாது.”

“அழைப்பு கொடுத்தாச்சேடி! மானம் போகும்.”

“மானம் போனா மறுபடி சம்பாதிக்கலாம். கூரை விழுந்தா?”

மகனைப் பார்த்தேன். எனக்கும் தலையாட்டினான், அவளுக்கும் தலையாட்டினான். இவனை நம்பி ஒரு பரணைக்கூட நிறுத்த முடியாது.

மார்ச் 9
வாசலில் பந்தல் போட்டு விழா. நான் மனப்பாடம் செய்திருந்த பேச்சு ‘பெண்களே நாட்டின் தூண்கள்’ என்று ஆரம்பிக்கும். ஒலிபெருக்கி முன் நின்றால் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு, அதற்குள் கடித்துத் துப்பிய கரும்பு மாதிரி அந்தத் தூண். வார்த்தை வருமா?

“அந்தத் தூணுக்கு என்னம்மா ஆச்சு?” என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

“உங்க முகம் நல்லாத் தெரியணும்னு உடைச்சேன்” என்றேன். உண்மைதானே?

பந்தலே சிரித்தது. அப்புறம் நாற்காலி எல்லாம் காலி! மொத்தக் கூட்டமும் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்து, எந்தக் கம்பி, எவ்வளவு பாரம் என்று மருமகளைச் சூழ்ந்துகொண்டது. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

அவர்களில் மூத்தவர் என்னிடம் வந்தார். “இவ ஒரு நாள் பிந்தி வந்திருந்தா, நாங்க இரங்கல் கூட்டத்துக்குத்தான் வந்திருப்போம்.”

டைல்ஸைப் பற்றி ஒருத்திகூடக் கேட்கவில்லை.

மார்ச் 10
மருமகள் இன்னும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 3
தூண் முன்னைவிடப் பருமனாக எழுந்துவிட்டது. கடை திறந்தாயிற்று.

இன்று ஒருவர் பெரிய கொள்முதலுக்கு வந்தார். கூடத்துச் சுவரை இடித்து விசாலமாக்கப் போகிறாராம், தரை முழுக்கப் புது டைல்ஸாம்.

“அந்தச் சுவர் மேல என்ன இருக்கு?” என்றேன்.

“தண்ணித் தொட்டி.”

“முதல்ல என் மருமககிட்ட வீட்டைக் காட்டுங்க. அப்புறம் டைல்ஸ் பார்க்கலாம்.”

முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார். பெரிய வியாபாரம் போச்சு. சாயங்காலம் மருமகளிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் எழுந்தே விட்டாள்.

“விலாசம் வாங்கினீங்களா அத்தை?”

“வாங்காம விடுவேனா?”

கை கழுவி, கட்டட வேலைக்குப் போடும் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு காரைக் கிளப்பினாள். நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன், மடியில் சாம்பிள் டைல்ஸ் பெட்டியோடு.