ஆம்புலன்ஸ் வண்டியில் குடித்தனம்

1949 ஜனவரி 10, திங்கள். திருவொற்றியூர்.

தண்ணீரில் இன்றும் மண்ணெண்ணெய் நாற்றம். டிரம்மைப் புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. காபியில், ரசத்தில், வாய் கொப்பளிக்கிற தண்ணீரில்கூட அதே நாற்றம். ஏப்பம் விட்டால் யாரோ ஸ்டவ்வை ஊதி அணைத்த மாதிரி இருக்கிறது.

இந்த வண்டிக்குள் குடிவந்து இருபத்தொரு நாள் ஆகிறது. யுத்தத்தில் காயம்பட்டவர்களை ஏற்றிய ஆம்புலன்ஸ். பட்டாளத்தில் மெக்கானிக்காக இருந்த என் வீட்டுக்காரர் எத்திராஜ் அதை ஏலத்தில் எடுத்தார். பச்சைப் பெயிண்ட் அடித்தும் பக்கவாட்டில் சிவப்புச் சிலுவை மங்கலாகத் தெரிகிறது. உப்பளங்களில் தண்ணீர் இறைக்கிற இஞ்சின்களை ரிப்பேர் செய்வது இப்போது அவர் தொழில். இன்று திருவொற்றியூர், நாளை எண்ணூர், அடுத்த வாரம் அத்திப்பட்டு. "வேல இருக்கிற எடத்துலியே வூடு. ராணி மாதிரி இருப்பே வரலு" என்றார். ராயபுரத்தில் என் அண்ணன் வீட்டில் ஒரே அறையில் ஒன்பது பேர் படுத்துக்கொண்டிருந்தோம். அதனால் நானும் தலையாட்டினேன்.

ராணிக்குக் குளிக்க இடமில்லை.

ஜனவரி 11

வண்டியில் குடித்தனம் பண்ணும்படி இன்னொருத்திக்கும் தலையில் எழுதியிருந்தால் உதவட்டும் என்று சில விஷயங்களை எழுதி வைக்கிறேன்.

நிறுத்தும் இடம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க, உள்ளே தரையில் ஒரு தட்டு நிறையத் தண்ணீர் வைக்க வேண்டும். எந்தப் பக்கம் வழிகிறதோ அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில் பலகை. நேற்று இதைச் செய்யாமல் தலைமாடு பள்ளமாகப் படுத்தேன். காலையில் முகம் இட்லி மாதிரி உப்பிப்போய்விட்டது.

அதைவிட முக்கியம் காற்று. எங்கிருந்து அடிக்கிறது என்று பார்த்துவிட்டு நிறுத்த வேண்டும். இவர் பார்க்கவில்லை. மேற்கே எலும்பு அரைக்கிற ஆலை. செத்த மாட்டின் எலும்பெல்லாம் மலையாகக் குவிந்து கிடக்கிறது. வடித்து வைத்த சோற்றில் அந்த நாற்றம் இறங்கி உட்கார்ந்துவிட்டது. இரண்டு வாய்க்கு மேல் என்னால் முடியவில்லை. அவர் மூன்று தட்டு சாப்பிட்டார். "நாத்தமா? எங்க கீது?" என்று கேட்கிறார்.

ஜனவரி 14. பொங்கல்.

வெளியே காற்றில் அடுப்பு நிற்கவில்லை என்று கரியடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். பானை பொங்குவதற்குள் கண் இருட்டி, கால் துவண்டு விழுந்தேன். அவர் வந்து இழுத்து மணலில் போட்டாராம். நாலு தரம் வாந்தி. மூடிய வண்டிக்குள் கரி மூட்டவே கூடாது. புகை வராவிட்டாலும் ஆளைக் கொல்லும்.

எனக்கு முகம் துடைத்துவிட்டார். அது உண்மை. எழுதாமல் விட மனசு வரவில்லை.

ஜனவரி 24

ரேஷன் கார்டு வாங்கப் போனேன். குமாஸ்தா வீட்டு நம்பர் கேட்டார். வண்டி நம்பரைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வண்டிக்கு அரிசி போட முடியாதும்மா" என்றார். வரிசையே சிரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன்.

ஜனவரி 30. எண்ணூர்.

கழிமுகத்துக்கு வடக்கே உப்பளம் வைத்திருக்கும் கான்ட்ராக்டர் கிருஷ்ணப்பன் இவருக்கு நிறைய வேலை கொடுக்கிறாராம். அதனால் கொஞ்ச நாள் இங்கேதான். நிறுத்தியிருக்கும் இடம் கருவாடு காயப்போடும் மணல். பாய்க்குள் ஈ, தலைமுடிக்குள் ஈ.

பக்கத்துக் குடிசையில் பவுனம்மாள் என்று ஒரு கருவாட்டுக்காரி. அவள் கணவன் கடலுக்குப் போகிறவன். கிணற்றடியை எனக்குக் காட்டிவிட்டு, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். "இதுல எப்படித்தான் கீறியோ! எங்க கோழிக்கூண்டுகூட இத்தவிட விசாலமா கீதும்மா" என்றாள். கோபம் வரவில்லை. உண்மைதானே.

காலைக்கடனுக்கு விடியுமுன் சவுக்கு மரங்களுக்குள் போக வேண்டும். உள்ளேயே ஒரு வாளி வைத்துக்கொள்ளலாம் என்று அவர் யோசனை சொன்னார். சோறு வடிக்கிற இடத்துக்கும் அதற்கும் இரண்டு முழம். மாட்டேன் என்றேன்.

பிப்ரவரி 2

புது இலவம்பஞ்சு மெத்தை வாங்கி வந்திருக்கிறார்! படுக்கைப் பெட்டியையும் தானே பலகை வைத்து உயர்த்திக் கட்டினார். "உனக்கு முதுவு வலிக்குதுன்னியே" என்றார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் எனக்கு வலிக்கிறது என்பது முதல் முறையாக அவர் காதில் விழுந்திருக்கிறது.

பிப்ரவரி 9

சாமான் வாங்க ராயபுரம் போனோம். டோல்கேட்டில் போலீஸ் வண்டிகளைச் சோதிக்கிறது. மதுவிலக்கு வந்ததிலிருந்து கெடுபிடி. கொஞ்சம் முன்னாலேயே இவர் வண்டியை நிறுத்தி, "வரலு, பட்த்துக்கோ. போர்வையப் போத்திக்கினு கொஞ்சம் முனகு" என்றார். எதுக்கு என்றேன். "வண்டியில குடியிருக்கக் கூடாதுன்னு சட்டம் கீது. சீக்காளின்னா வுட்டுடுவான்."

படுத்தேன். முனகினேன். இஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. போலீஸ்காரர் பின் கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே மூடினார். முன்னால் நின்ற மாட்டு வண்டிகளை விசில் ஊதி ஒதுக்கி எங்களுக்கு வழி விட்டார்.

நல்ல மனுஷர். நடித்தது அசிங்கமாக இருந்தது.

பிப்ரவரி 15

மெத்தையில் ஏதோ புளித்த நாற்றம். பஞ்சு நனைந்திருக்குமோ? வெயிலில் போடுகிறேன் என்றால், "நானே போடறேன், நீ தூக்காதே" என்கிறார். எவ்வளவு கரிசனம்.

பிப்ரவரி 23

எழுத்து கோணலாக வருகிறது.

மறுபடி டோல்கேட். மறுபடி போர்வை. இன்று வரிசை நீளம் என்பதால் இஞ்சினை அணைத்திருந்தார். அவர் பேசியது எல்லாம் கேட்டது.

"என் சம்சாரம் ஸார். எட்டு மாசம். வலி எடுத்துக்கினு கீது."

போலீஸ்காரர் அதே ஆள்தான். "போன தபாவே போனியேப்பா?" என்றார். இவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆமா ஸார், வலி வந்து வந்து நின்னுடுது. மொதப் புள்ள எட்டாம் மாசத்துல பூட்ச்சி ஸார். அதான் பயமா கீது" என்றார். போலீஸ்காரர், "முருகா" என்று சொன்னார். வழி விட்டார்.

எட்டாம் மாசம் போனது நிஜம். பெண் குழந்தை. போன வருஷம் இதே மாசம். அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனவர் இவர். அன்றிலிருந்து அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் பேச எடுத்தாலும் எழுந்து போய்விடுவார். இன்னிக்கி ரோட்ல, கூசாம, ஒரு போலீஸ்காரன்கிட்ட...

எதுக்கு? வண்டியில் குடியிருந்தால் அபராதம் போடுவான் என்றா? அதற்கா என் குழந்தை?

கேட்டேன். "பேச்சுக்குச் சொன்னேன். இத்தப் போயி பெர்சு பண்றியே" என்றார். அவர் தொட்ட டம்ளரைத் தொட எனக்குக் குமட்டுகிறது.

பிப்ரவரி 28, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் நானே நம்ப மாட்டேன்.

மத்தியானம். அவர் இஞ்சின் வேலைக்குப் போயிருந்தார். தலைவலி என்று படுத்தேன். கண் அசந்து விழித்தால் முதுகெல்லாம் ஈரம். புடவை, ரவிக்கை, பின்னல் வரைக்கும். ஒரு நிமிஷம் எனக்குப் பழைய பயம்தான் வந்தது. குழந்தை போன அன்று எனக்கு எல்லாம் இப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு நாற்றம் அடித்தது. சாராயம்.

மெத்தையைத் தூக்கினேன். பலகையைத் தூக்கினேன். அடியில் லாரி டியூப்கள். ஐந்து. மலைப்பாம்பு விழுங்கிவிட்டுச் சுருண்டு கிடப்பது போல வயிறு புடைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக. ஒன்றின் வாய் கசிந்துகொண்டிருந்தது. சவுக்குத் தோப்பில் கிருஷ்ணப்பன் காய்ச்சுகிற சரக்கு என்று பிறகு பவுனம்மாள் சொன்னாள். அதன்மேல் ஒரு மாசமாக நான் படுத்துத் தூங்கியிருக்கிறேன். முதுகு வலிக்கு மெத்தையாம்! நான் ஒரு போர்வை, சரக்கை மூடுகிற போர்வை. அதுக்குத்தான் என்ன இந்த டப்பாவுல ஏத்திகினு வந்தானா? மொதல்லேருந்தே அதுக்குத்தானா?

கறிகாய்க் கத்தியை எடுத்தேன். டியூப்களை ஒவ்வொன்றாகக் கதவு வழியே மணலில் உருட்டினேன். ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம். கிழித்தேன். மணல் குடித்தது. ஈக்கூட்டம் கருவாட்டை விட்டுவிட்டு இங்கே வந்தது.

பவுனம்மாள் ஓடி வந்தாள். "இன்னாம்மா இது, மண்ணுக்கா ஊத்திக்கினு கீறே?" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. "உனுக்குத் தெர்யாதா? குப்பத்துக்கே தெரியுமே. நீயும் இதுல கூட்டுன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்" என்றாள்.

என்னைப் பற்றி ஊர் நினைத்தது அது. சாராயக்காரி. கிணற்றடியில் பெண்கள் ஏன் தள்ளி நின்றார்கள் என்று இப்போது தெரிகிறது.

அவர் வந்தார். கிழிந்த டியூபைக் கையில் எடுத்துப் பார்த்தார். கை ஓங்கினார். நான் கத்தியைக் கீழே போடவில்லை. கை இறங்கியது. "கிஸ்ணப்பன் என்ன உசுரோட வுடுவானா? இன்னா பண்ணிட்டே தெரியுமாடி?" என்று அழுதார்.

"எட்டு மாசம்னு சொன்னியே, அது இதுக்குத்தானா?" என்றேன். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக 'நீ' என்றேன். தலையைக் குனிந்துகொண்டு கிருஷ்ணப்பன் உப்பளத்துப் பக்கம் நடந்துபோனார்.

மார்ச் 1

அவர் வரவில்லை. கிணற்றிலிருந்து முப்பது குடம் இறைத்து வண்டியைக் கழுவினேன். மெத்தையை எரித்தேன். சாராயம் ஊறிய பஞ்சு நீலமாக எரிந்தது.

மார்ச் 5

பவுனம்மாள் செய்தி கொண்டுவந்தாள். நான் மணலில் கொட்டிய சரக்குக்கு ஈடாக அவர் கிருஷ்ணப்பனின் சாராய லாரியை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். டோல்கேட்டில் பிடித்துவிட்டார்கள். அதே போலீஸ்காரர் லாரிக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, "உன் சம்சாரத்துக்குக் கொழந்த பொறந்துட்ச்சா?" என்று கேட்டு ஓங்கி அறைந்தாராம்.

எனக்கு அழுகை வரவில்லை. அறை விழுந்த சத்தம் மட்டும் காதில் கேட்கிற மாதிரி இருக்கிறது.

மார்ச் 21

அவருக்கு நாலு மாசம் ஜெயில். கோர்ட்டில் தூரமாக நின்று பார்த்தேன். கிருஷ்ணப்பன் பெயரை அவர் சொல்லவில்லை. அங்கேயும் எஜமான விசுவாசம்.

மார்ச் 23

நேற்று அண்ணன் பொன்னுரங்கம் வந்தார். "எழுந்து வா. பொம்பள தனியா இந்தப் பொட்டியில இருப்பியா?" என்றார். போகலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுக் காலையில் வரவில்லை என்றேன். அங்கே நான் எட்டாவது ஆள். இங்கே ஈ கடிக்கும், துருப்பிடித்த தகடு புடவையைக் கிழிக்கும், எல்லாம் சரி. ஆனால் கதவு இருக்கிறது. தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது.

மார்ச் 27

கிருஷ்ணப்பன் வந்தான். மல் ஜிப்பா, வாயில் வெற்றிலை. "எத்திராஜ் எனுக்குக் கடமப்பட்டவன்மா. வண்டிய எடுத்துக்கினு போறேன்" என்று சக்கரத்தின் மேல் துப்பினான். "எடுத்துக்கோங்க. டோல்கேட் வழியாத்தானே போகணும்? யாரு வண்டி, யாரு சரக்குன்னு அங்க நானே வந்து சொல்றேன்" என்றேன். பவுனம்மாள் மீன் அரிகிறதை நிறுத்தாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். போய்விட்டான்.

துப்பிய இடத்தில் மூன்று வாளி தண்ணீர் ஊற்றினேன்.

ஏப்ரல் 2

குப்பத்து ஆண்கள் பத்துப் பேர் சேர்ந்து வண்டியைக் கருவாட்டு மணலிலிருந்து தென்னை மரத்தடிக்குத் தள்ளினார்கள். மணலில் புதைந்த வண்டிக்கு ஒரு வழி: டயர் காற்றைப் பாதி இறக்கிவிட்டால் சக்கரம் அகலமாக உட்கார்ந்து தானே ஏறி வரும். இதைச் சொன்னது நான்தான். அவர் செய்யும்போது பார்த்திருக்கிறேன். வேலை தெரிந்த மனிதன். அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

ஏப்ரல் 6

கத்திவாக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் பிரசவத்துக்குப் போயிருக்கிறாராம். பவுனம்மாள்தான் கேட்டுக்கொண்டு வந்தாள். கல்யாணத்துக்கு முன் வாங்கிய டிரெயினிங் சர்டிபிகேட் டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்தது. நாளை போக வேண்டும்.

ஏப்ரல் 11

சேர்ந்துவிட்டேன். ஒன்றாம் வகுப்பு, நாற்பத்திரண்டு பேர், எல்லோருக்கும் மூக்கு ஒழுகுகிறது.

மே 29

சிறையில் அவரைப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நூறு பேர், இந்தப் பக்கம் நூறு பேர், எல்லோரும் கத்துகிறார்கள். வேர்வை, பினாயில், அழுகின முட்டைக்கோசு. "வண்டிய வித்துட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை. பிறகு, மணி அடித்தபோது, ஏதோ கேட்டார். இரைச்சலில் காதில் விழவில்லை. திரும்பக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜூலை 21, வியாழன்

சாயங்காலம் நான் ஸ்லேட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின் கதவில் விரலால் தட்டும் சத்தம். அவர். தலையை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். கழுத்து மெலிந்துவிட்டது. சிறை நாற்றம் இரண்டு கஜத்துக்கு அடித்தது.

"உள்ள வரலாமா வரலு?" என்றார். தானே ஏலத்தில் எடுத்த வண்டிக்குள் வரக் கேட்டுக்கொண்டு நின்றார்.

கிணற்றடியில் போய்க் குளித்துவிட்டு வரச் சொன்னேன். சோப்பும் மாற்று வேட்டியும் கொடுத்தேன். திரும்பி வந்ததும் வெளியே மணலிலேயே சோறு போட்டேன். பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்திக்கொண்டு, "பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஆள் எடுக்கிறான்னு உள்ள ஒருத்தன் சொன்னான். காலையில போய்ப் பாக்கறேன்" என்றார். போய்ப் பாருங்கள் என்றேன். தட்டைப் பார்த்தபடியே, "அதுக்கு உன் மூக்குதான்" என்றார்.

எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். பிறகு புரிந்தது. துணியில் சுற்றிக் கொண்டுபோன குழந்தையின் முகத்தை அவர் பார்த்திருக்கிறார். என்னிடம் யாரும் காட்டவில்லை.

மோர் வேண்டுமா என்று கேட்டேன்.

இன்னும் அவர் பக்கத்தில் உட்கார எனக்கு உடம்பு கூசுகிறது. பின்னால் இடம் கிடையாது, முன் சீட்டில் படுத்துக்கொள்ளுங்கள் என்று தலையணையை நீட்டினேன். சரி என்று வாங்கிக்கொண்டார்.

முன் சீட்டு நாலரை அடி நீளம். அவர் ஐந்தே முக்கால் அடி. மடங்கிப் படுக்கட்டும்.