கூர் வைக்காத அரிவாள்

இன்று காலை சாணை பிடிக்கிறவர் தெருவுக்கு வந்தார். கத்தி, அரிவாள்மணை என்று ஒவ்வொன்றாக எடுத்தபோது பரண் மூலையில் உங்கள் படகு அரிவாள் கையில் தட்டுப்பட்டது. பிடியில் இன்னும் டீசல் வாசனை. எடுத்த கையோடு உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு ஓடங்களைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை அடித்த தெப்பம். அதைக் கயிறு போட்டு இழுக்க, பழைய லாரி இஞ்சின் வைத்த உங்கள் படகு. கொள்ளிடத்தில் தண்ணீர் ஓடும் மாதங்களில் அக்கரைக்கு அதுதான் வழி. முதலில் நெல் மூட்டையும் மாடும் ஏறின. பிறகு துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிற பிள்ளைகளின் சூட்கேஸ்கள் ஏறின. படகுக்கோ வயதாகிக்கொண்டே போனது. தாரும் தகரமுமாக ஒட்டுப் போட்டீர்கள். என்னைவிட அதற்குத்தான் வைத்தியம் அதிகம் பார்த்தீர்கள்.

கயிறு மாட்டும் கொக்கிக்குப் பக்கத்தில் இந்த அரிவாள் செருகியிருக்கும். வெள்ளம் தெப்பத்தை இழுத்தால் படகையும் சேர்த்து இழுக்கும். கயிற்றை அறுத்துவிட்டால் படகில் இருப்பவராவது பிழைக்கலாம். "அப்படி வந்தா அறுப்பீங்களா?" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "சோத்தைப் போடு" என்பீர்கள்.

ஓர் ஐப்பசி வெள்ளத்தில் நடு ஆற்றில் இஞ்சின் நின்றது. தெப்பம் நிறைய ஆட்கள். அது குறுக்கே திரும்பி உங்களையும் கிழக்கே இழுத்துக்கொண்டு போனது. கரையோடு ஓடிக்கொண்டே, "கயித்த அறுங்க! அறுத்து விட்டுடுங்க!" என்று ஊர் கேட்கக் கத்தினேன். இன்றைக்கும் அதையேதான் கத்துவேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் இஞ்சினோடு மல்லுக்கட்டினீர்கள். அது இருமி இருமி ஒருவழியாக ஓடியது. வெகுதூரம் தள்ளி, மூங்கில் கொல்லைப் பக்கம் எல்லோரும் கரையேறினீர்கள்.

அதற்கப்புறம் பாலம் வந்தது. படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. கடைசியில் பழைய இரும்புக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். ஊரே உச்சுக்கொட்டியது. நான் மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டேன்.

அன்று அரிவாளை வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். கீரைத்தண்டில் வைத்துப் பார்த்தேன். தண்டு நசுங்கியதே தவிர அறுபடவில்லை.

"என்னங்க, இதை வச்சா கயிறு அறுப்பீங்க?"

"நான்தான் கல்லுல தேய்ச்சு மழுக்கி வச்சேன். கூரா இருந்தா கை அதுக்குத்தான் போகும்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை வருஷம் நான் நம்பியிருந்தது ஒரு மொண்ணை அரிவாளையா! இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பாலத்தில் பஸ் போகிற சத்தம் கேட்டது. அப்பாடா என்று மூச்சு வந்தது.

நீங்கள் ஆற்றோடு போகவில்லை. நம் வீட்டுக் கட்டிலில், என் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனீர்கள். அழுதேன். ஆனாலும் அந்த நிம்மதி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

"அதையும் குடுங்கம்மா, நல்லா தீட்டித் தர்றேன்" என்றார் சாணைக்காரர்.

"வேணாங்க, அது இருக்கட்டும்."

வீட்டில் மற்ற எல்லாவற்றுக்கும் கூர் வைத்தாயிற்று. இது மட்டும் நீங்கள் மழுக்கியபடியே பரணில் இருக்கிறது.