இடது கை இல்லாத சட்டைகள்

ஏங்க, தையல் கடைக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு மேசை மேல மூடி வச்சிருக்கு.

நேத்து துவைக்கும்போது உங்க சட்டையோட இடது கையில, உள்பக்கம், ரத்தக்கறை பார்த்தேன். டயாலிசிஸ் ஊசி போடுற இடம் கசியுது. கேட்டா கொசுக்கடிங்கிறீங்க. தையக்காரிகிட்டயே சட்டைக்குள்ள மறைக்கிறீங்களா?

பத்து மணிக்கு உங்க தங்கச்சி வருவா. அவகூடப் போய் நர்ஸ்கிட்ட காட்டுங்க. அதுக்குள்ள ரத்தம் பீறிட்டா துண்டைச் சுத்திட்டு உட்காராதீங்க. ரெண்டு விரலால அழுத்திப் பிடிச்சு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. விரலை எடுத்துப் பார்க்கக் கூடாது. கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டாம்.

பி.கு: எல்லா முழுக்கைச் சட்டையிலயும் இடது கையை வெட்டிட்டேன். திட்டுங்க, பரவாயில்லை. வெட்டின துணி பத்திரமா இருக்கு, புண் ஆறினதும் தச்சுத் தரேன். இருபது வருஷமா துணி வெட்டுறேன், இன்னைக்குத்தான் கோணலாப் போச்சு.