நழுவிய டைமிங்

இன்று காலை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு மினிபஸ் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு நின்றது. எரியாத டீசலின் அந்த ஈர நெடி கண்ணில் ஏறியதும் உன் முகம்தான் வந்தது. நீ செத்து ஏழு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

2004இல் நாம் ஒரே ஷெட்டில் மெக்கானிக்குகள். குமராட்சி ரூட்டில் ஓடிய மினிபஸ் ஒன்று இதே புகையோடு, இழுவையும் இல்லாமல் வந்தது. முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேலே கொண்டுவந்து, ஃப்ளைவீலை மெல்லத் திருப்பி, டீசல் பம்பின் முதல் வாயில் சொட்டு எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தேன். டீசல் பாய வேண்டிய நேரத்துக்குப் பிந்திப் பாய்ந்தது. பம்பைத் திருப்பி டைமிங்கைச் சரியாக வைத்தேன். பம்பை என்ஜினோடு சேர்க்கும் கப்ளிங் போல்ட்டுகளை முறுக்குவதுதான் பாக்கி.

"நீ போய் சாப்புடு மச்சான், நா டைட் வச்சிடறேன்" என்றாய். போனேன்.

மூன்றாம் நாள் அந்த வண்டி கல்யாணக் கூட்டத்தோடு நடுரோட்டில் கொதித்து, பிஸ்டன் பிடித்து நின்றுவிட்டது. பஸ் முதலாளி ஷெட்டுக்கு வந்து கத்தினார்: "டைமிங் வச்சவன் எவன்டா?"

நீ என்னைக் காட்டினாய். "இவன்தான் மொதலாளி. நா அந்தப் பக்கமே போவல."

அத்தனை பேர் முன்னால் அவர் என்னை அறைந்தார். போல்ட் நழுவித்தான் டைமிங் மாறியிருக்கும் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதன் பிறகு சிதம்பரத்தில் எனக்கு வேலை கொடுக்க ஆளில்லை. கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் போய், போட் என்ஜின்களோடு ஆறு வருஷம் கிடந்தேன். நீ சொந்தமாக ஷெட் வைத்தாய்.

2010இல் ஒருநாள் அதே முதலாளி, டைமிங் பார்க்கக் கெட்டிக்காரன் ஒருவன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டுத் துறைமுகத்துக்கு வந்தார். என்னைக் கண்டதும் திகைத்துப்போனார். அவருடைய வேறொரு வண்டி உன் ஷெட்டில் நின்றிருந்தது. நீ டீசல் பீய்ச்சும் நாசிலை மாற்றினாய், பம்பைப் பிரித்தாய், மூன்று தடவை டைமிங் வைத்தாய். இரண்டே நாளில் புகை திரும்பி வந்ததாம்.

உன் ஷெட்டுக்கு வந்து பார்த்தேன். நான்காவது முறையாக டைமிங் வைப்பதில் புண்ணியமில்லை. வைத்த டைமிங் ஏன் நிற்கவில்லை என்பதுதான் கேள்வி. அதைச் சரியாக வைத்துவிட்டு, கப்ளிங்கின் இரண்டு பாதிக்கும் குறுக்கே சாக்பீஸால் ஒரே கோடு போட்டேன். வண்டி குமராட்சி வரை போய்த் திரும்பியது. கோடு இரண்டாக விலகியிருந்தது. போல்ட்டுகளைக் கழற்றினேன், மரை தேய்ந்து பிடிப்பே இல்லை. அன்றைக்கும் இப்படித்தான் கப்ளிங் நழுவியிருக்கும்.

தனியாகக் கூப்பிட்டு உன் காதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலாளியையும் டிரைவர்களையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டுதான் கேட்டேன்: "அன்னிக்கி அந்தக் கல்யாண வண்டியில போல்ட்ட டைட் வச்சது யாரு மச்சான்?"

உன் வாய் கோணியது. "நாந்தான்... அரைகொறையா வுட்டுட்டேன்" என்றாய்.

முதலாளி உன்னை அடிக்கவில்லை. அதில் எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் வண்டிகளை எல்லாம் ஓட்டிப் போய்விட்டார். செய்தி பரவி மற்றவர்களும் போனார்கள். வருஷம் திரும்பும் முன் உன் ஷெட்டுக்குப் பூட்டு. அந்த வழியாக வேண்டுமென்றே இரண்டு முறை பைக்கில் போய்ப் பார்த்தேன்.

பிறகு உனக்கு ஈரல் கெட்டது. ஆள் அனுப்பினாய், ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கை இரண்டும் குச்சியாகிக் கிடந்தாய்.

"பழி தீத்துக்கிட்ட இல்ல?" என்று கேட்டாய்.

"இன்னும் இல்ல" என்றேன். உன் மனைவி அழுதாள். நான் எழுந்து வந்துவிட்டேன். சாவுக்கும் வரவில்லை.

செத்தவன்மேல் கோபம் எதற்கு என்கிறார்கள். நீ போனதில் அது குறையவில்லை. வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் என்னிடமே தங்கிவிட்டது. அதோடுதான் எழுந்திருக்கிறேன், வேலைக்குப் போகிறேன். இந்த மடல் முழுக்க ஒரு இடத்திலும் உன் பெயரை எழுதவில்லை. மறந்துபோய் அல்ல. எழுதினால் அழுதுவிடுவேனோ என்ற சந்தேகம் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை உனக்குக் கொடுக்க மாட்டேன்.